பறவை தங்காத ஏரி

மலைச்சரிவில் ஒரு பார்வை மேடை. அதை அடைய நீண்ட குகைப்பாதை ஒன்றின் வழியே நடக்க வேண்டும். இருட்டிலிருந்து வெளியே வந்ததும் கண்முன்னே பெரியதோர் ஏரி விரிகிறது. படிக்கட்டுகள்போல் வெட்டப்பட்ட பாறைச் சுவர்கள். நடுவே அமைதியான நீர். காண்போர் வியந்து நிற்கிறார்கள். ஆனால் அந்த நீரில் மீன் இல்லை. பறவைகள் வந்து இறங்கினால் பெரும் ஓசை எழுப்பி விரட்டிவிடுகிறார்கள். ஏன் தெரியுமா?

இது அமெரிக்காவில், மான்டானா மாநிலத்தின் பியூட் நகரை ஒட்டியுள்ள 'பெர்க்லி பள்ளம்'. இயற்கை உண்டாக்கிய ஏரி அன்று. தாமிரம் தோண்டிய சுரங்கம்.

பள்ளம் எவ்வளவு பெரிது?

1955இல் இங்கே திறந்தவெளிச் சுரங்க வேலை தொடங்கியது. 1982இல் நின்றது. இடைப்பட்ட 27 ஆண்டுகளில் சுமார் 100 கோடி டன் கல்லும் மண்ணும் வெளியே எடுக்கப்பட்டன. மீடர்வில் போன்ற குடியிருப்புகளும் பள்ளத்துக்கு இரையாயின. பள்ளத்தின் நீளம் சுமார் 1.6 கிலோமீட்டர், அகலம் அதில் பாதி, ஆழம் சுமார் 540 மீட்டர். டில்லியிலுள்ள குதுப்மினாரைப்போல் ஏழு கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் உள்ளே அடங்கிவிடும்!

மேடையில் நிற்கும் நம் கண்ணுக்கு இந்த அளவு புலப்படாது. ஒப்பிட்டுப் பார்க்க அருகே வீடோ மனிதரோ இல்லாததே காரணம். ஆனால் காது உதவும். ஒலி நொடிக்குச் சுமார் 330 மீட்டர் செல்கிறது. பள்ளத்தின் ஒரு முனையில் எழும் வெடிச்சத்தம் மறுமுனையை அடைய ஏறக்குறைய 5 நொடி ஆகும். கணக்கிட்டுப் பாருங்கள்.

நீர் எங்கிருந்து வந்தது?

வறண்ட ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டியிருக்கிறீர்களா? சற்று ஆழம் போனதும் நான்கு பக்கமிருந்தும் நீர் கசிந்து வரும். மணலுக்குள் இருக்கும் நிலத்தடி நீர், தன்னைவிடத் தாழ்ந்த இடத்தைக் கண்டதும் அங்கே பாய்கிறது. பெர்க்லி பள்ளமும் ஒரு பெரிய ஊற்றுத்தான். சுரங்கம் நடந்த காலத்தில் இரவும் பகலும் பம்புகள் நீரை இறைத்துக்கொண்டிருந்தன. 1982 ஏப்ரல் 22ஆம் நாள் அவை நிறுத்தப்பட்டன. நீர் முதலில் பூமிக்கடியில் இருந்த பழைய சுரங்கப் பாதைகளை நிரப்பியது. 1983 இறுதியில் பள்ளத்தின் அடியை எட்டியது. பிறகு ஆண்டுதோறும் உயர்ந்தது.

நீர் அமிலமானது எப்படி?

அப்பகுதிப் பாறையில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த 'பைரைட்' என்ற கனிமம் உண்டு. பொன்போல் மின்னும். பூமிக்குள் மூடிக் கிடக்கும்வரை அதனால் தீங்கில்லை. மனிதர் பாறையைப் பிளந்து, நீரை இறைத்துக் காற்றை உள்ளே விட்டதும் நிலைமை மாறியது. பைரைட், ஆக்சிஜன், நீர் மூன்றும் வினைபுரிந்தால் கந்தக அமிலம் உண்டாகும். சிலவகைப் பாக்டீரியாக்கள் இந்த வினையை விரைவுபடுத்துகின்றன. அமிலம் பாறையை அரித்துத் தாமிரம், துத்தநாகம், காட்மியம், ஆர்செனிக் ஆகியவற்றைக் கரைத்துக்கொள்கிறது. முன்பு இந்நீரின் பி.எச். அளவு 2.5 ஆக இருந்தது. அதாவது, ஏறத்தாழ எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு!

1995 நவம்பரில் இங்கே தங்கிய பனிவாத்துகளில் 342 இறந்து மிதந்தன. 2016 நவம்பரில் பனிப்புயலில் சிக்கிய வாத்துகள் பல்லாயிரக்கணக்கில் இறங்கின. அவற்றுள் 3000க்கு மேல் மாண்டன. காவலர்கள் ஓசை எழுப்புவதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

ஒரு கோடு, அதைத் தாண்டக் கூடாது

கடல் மட்டத்திலிருந்து 5,410 அடி, அதாவது சுமார் 1,649 மீட்டர் உயரம். பள்ளத்தின் நீர் இதைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்திருக்கிறார்கள். ஏன்?

பள்ளத்து நீர்மட்டம் சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கும்வரை நீர் உள்நோக்கியே பாயும். நஞ்சு பள்ளத்துக்குள் சிறைப்பட்டிருக்கும். மட்டம் உயர்ந்துவிட்டால் பாய்ச்சல் திசை மாறும். அமில நீர் வெளியே கசிந்து, பள்ளத்தாக்கின் நிலத்தடி நீரிலும் சில்வர் போ ஓடையிலும் கலந்துவிடும்.

ஆகவே பள்ளத்துக்கு வரும் நீரைச் சுத்திகரிக்க 2003இல் ஓர் ஆலை இயங்கத் தொடங்கியது. 2019 முதல் பள்ளத்து நீரையும் இறைத்துத் தூய்மைப்படுத்தி ஓடையில் விடுகிறார்கள். சுண்ணாம்பைச் சேர்த்தால் அமிலம் நடுநிலையாகிறது. கரைந்திருந்த உலோகங்கள் கசடாகப் படிகின்றன. இந்த வேலைக்கு முடிவே இல்லை. மழையும் பனியும் பெய்யும்வரை, பாறையில் பைரைட் உள்ளவரை, இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தோண்டியது 27 ஆண்டு. காவல் காப்பதோ தலைமுறை தலைமுறையாக!

இந்நீரிலிருந்து தாமிரத்தையும் எடுத்திருக்கிறார்கள். பழைய இரும்புத் துண்டுகள்மீது நீரைப் பாய்ச்சினால், இரும்பு கரைந்து தாமிரம் படியும். 56 கிராம் இரும்பு கரைந்தால் 63.5 கிராம் தாமிரம் கிடைக்கும். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் முன்னிலையில், மயில்துத்தக் கரைசலில் ஓர் இரும்பு ஆணியைப் போட்டுப் பாருங்கள். சிறிது நேரத்தில் ஆணி செந்நிறமாகும். கரைசல் நஞ்சு, கையைக் கழுவ மறவாதீர்கள்.

வீட்டில் செய்ய இன்னொரு சோதனை. அகலமான பாத்திரத்தில் மணலை நிரப்பி, நன்றாக நனையும்படி நீர் ஊற்றுங்கள். நடுவே குழி தோண்டுங்கள். நீர் ஊறியதும் அதில் சில சொட்டு மை விடுங்கள். குழி நீரைக் கரண்டியால் இறைத்துக்கொண்டே ஓரத்தில் நல்ல நீர் ஊற்றி வாருங்கள். மை எங்கே நிற்கிறது? பிறகு இறைப்பதை நிறுத்தி, குழிக்குள்ளேயே நீரை ஊற்றுங்கள். இப்போது மை எங்கே போகிறது? இரண்டையும் குறிப்பேட்டில் படமாக வரையுங்கள். பியூட் நகர மக்கள் அந்தக் கோட்டின்மீது ஏன் கண்ணாயிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.