குழம்புச் சட்டியில் குறையட்டும் உப்பு

இரத்தக் கொதிப்பு இருப்பதாகத் தெரிந்ததும் மருத்துவர் மாத்திரை எழுதித் தருகிறார். கூடவே உப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறார். மாத்திரை அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறது. உப்பு விஷயத்தில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு. நோயாளிக்கு மட்டும் சப்பென்று ஒரு குழம்பு தனியாக வைக்கிறார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான குழம்பு. பத்து நாள், மிஞ்சிப்போனால் ஒரு மாதம் இந்த ஏற்பாடு ஓடும். அதற்குள் சமைப்பவருக்கும் அலுத்துவிடும், சாப்பிடுபவருக்கும் வாய் செத்துவிடும். ஒரு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று ஊறுகாய் மறுபடியும் தட்டுக்கு வந்து சேரும். மருத்துவர் சொன்னதில் பிழை இல்லை. அதை நிறைவேற்றும் வழியில்தான் பிழை இருக்கிறது. உப்பை வீட்டுக்கே பொதுவான சட்டியில் குறைக்க வேண்டும், எல்லோருக்குமாகக் குறைக்க வேண்டும், மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். நோயாளிக்கு அதுதான் நீடிக்கும்; இன்னும் நோயாளி ஆகாதவர்களுக்கும் அதுவே பாதுகாப்பு.

ஐந்து கிராம் எவ்வளவு?

வளர்ந்த ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும் இதே அளவுதான். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். உலகம் முழுவதும் மக்கள் சராசரியாகச் சாப்பிடுவதோ இதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நம் சாப்பாட்டில் அது எப்படிச் சேர்கிறது என்று பார்த்தால் வியப்பு இருக்காது. இட்லி மாவில் உப்பு, தொட்டுக்கொள்ளும் சட்னியில் உப்பு, பொடியில் உப்பு. மதியம் சாம்பாரில், ரசத்தில், பொரியலில், மோரில் தனித்தனியாக உப்பு; சில வீடுகளில் சோறு வடிக்கும்போதும் ஒரு கை. இவற்றுக்குப் பக்கத்தில் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வடகம், கருவாடு. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்வதால் சோடியம் இரண்டு வழியாக வருகிறது. மாலையில் மிக்சரோ பிஸ்கட்டோ வந்தால் அதிலும் இருக்கிறது. பாக்கெட்டில் வாங்கும் தின்பண்டங்களில் சோடியம் என்று போட்டிருக்கும் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்: 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

இதில் நமக்குச் சாதகமான ஒன்று உண்டு. அமெரிக்காவில் மக்கள் உண்ணும் சோடியத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் ஆலையிலும் உணவகத்திலும் ஏற்கெனவே சேர்த்து வருவது. அங்கே ஒரு குடும்பம் தானாக நினைத்தாலும் அதிகம் குறைக்க முடியாது. நம் வீடுகளில் இன்னும் பெரும்பகுதி உப்பை அடுப்பங்கரையில் நம் கையாலேயே போடுகிறோம். வெளிச்சாப்பாடும் பாக்கெட் உணவும் வேகமாகக் கூடிவரும் இந்தக் காலத்தில், அந்தக் கட்டுப்பாடு கையில் இருக்கும்போதே அதைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது.

எல்லோருக்குமா?

உப்பு அதிகமானால் சோடியம் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. இரத்தத்தின் கன அளவு கூடுகிறது; கூடுதல் சோடியத்தை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு அதிக அழுத்தம் தேவைப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் இரத்தக் குழாய்களின் சுவர் தடித்து விறைத்துப்போகிறது. வலி இருக்காது, தலைசுற்றல்கூடப் பலருக்கு இருக்காது. சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், 20 வயதைக் கடந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. அதாவது மூன்று பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒருவருக்கு இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

அந்த ஒருவருக்காக மற்ற இருவரும் ஏன் குறைக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. இதற்கு மிகத் தெளிவான பதிலைத் தந்தவர் ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ அறிஞர். 1985இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டிய உண்மை இது: மாரடைப்பும் பக்கவாதமும் வருபவர்களில் பலர் மிக உயர்ந்த அழுத்தம் உள்ளவர்கள் அல்லர், சற்றே கூடுதலான அழுத்தத்தோடு, மருத்துவர் கண்ணில் படாமல் வாழும் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஆகவே சிலருக்கு மட்டும் பெரிதாகக் குறைப்பதைவிட, எல்லோருக்கும் சிறிதளவு குறைத்தால் ஊர் முழுவதிலும் தவிர்க்கப்படும் நோய் அதிகம். மேல் அழுத்தம் இரண்டு புள்ளி குறைவதால் என்ன லாபம் என்று தனிமனிதராகப் பார்த்தால் தோன்றும். கோடிக்கணக்கானவர்களுக்கு இரண்டு புள்ளி குறைந்தால் ஆயிரக்கணக்கான பக்கவாதங்கள் தவிர்க்கப்படும்.

சட்டியில் குறைத்தால் அந்த இரண்டு புள்ளி கிடைக்குமா? வடசீனாவில் சாங்ஜி நகரின் 28 தொடக்கப் பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு உப்பைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். பிள்ளைகள் அதை வீட்டில் சமைப்பவரிடம் போய்ச் சொன்னார்கள். ஒரு பருவம் முடிவதற்குள், பாடம் நடக்காத பள்ளிகளின் குடும்பங்களோடு ஒப்பிட்டால் இந்தக் குடும்பங்களின் பெரியவர்கள் நாளொன்றுக்கு 2.9 கிராம் உப்பு குறைவாகச் சாப்பிட்டார்கள். மேல் அழுத்தம் 2.3 புள்ளி குறைந்தது. மருந்து இல்லை, தனிப் பத்தியம் இல்லை. பொதுச் சட்டி மட்டும்தான் மாறியது.

வியர்க்கிற ஊரில் உப்பு வேண்டாமா?

நம் ஊரில் அடிக்கடி கேட்கும் எதிர்வாதம் இது. வெயிலில் வேலை செய்கிறோம், வியர்வையில் உப்பு போகிறது, குளிர்நாட்டுக்காரர்களின் கணக்கு நமக்குப் பொருந்தாது என்பார்கள். வியர்வையில் சோடியம் போவது உண்மை. ஆனால் உடல் வெயிலுக்குப் பழகப் பழக வியர்வையில் வெளியேறும் சோடியம் குறைந்துவிடுகிறது; சிறுநீரகமும் இருப்பதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. 1988இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒருநாள் சிறுநீரைச் சேகரித்து அளந்தது. அவர்களில் அமேசான் காட்டின் புழுக்கத்தில் வாழும் யானோமாமி மக்களும் இருந்தார்கள். உணவில் உப்பே சேர்க்காதவர்கள். அவர்களின் சராசரி மேல் அழுத்தம் 100க்கும் கீழே இருந்தது. வயது ஏறினாலும் அழுத்தம் ஏறவில்லை. வயதானால் கொதிப்பு வருவது இயற்கை என்று நாம் சொல்லிக்கொள்வது எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. அவர்களைப் போல உப்பில்லாமல் வாழச் சொல்லவில்லை. நாள் முழுவதும் வயலிலோ கட்டட வேலையிலோ வெயிலில் நிற்பவருக்குத் தண்ணீரும், அளவாக உப்பிட்ட மோரும் கஞ்சியும் கட்டாயம் வேண்டும். வயிற்றுப்போக்கின்போது உப்பு–சர்க்கரைக் கரைசல் உயிர் காக்கும். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் வியர்வையைக் காரணம் காட்டி அப்பளத்தை நியாயப்படுத்த முடியாது.

இன்னொரு எதிர்வாதம் ஆய்வாளர்களிடமிருந்தே வருவது. அதனால் கவனமாகப் பதில் சொல்ல வேண்டியது. 17 நாடுகளில் ஒரு லட்சம் பேரை ஆராய்ந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, மிக அதிக உப்பைப் போலவே மிகக் குறைந்த உப்பும் ஆபத்து என்று சொன்னது. செய்தித்தாள்களில் அது பெரிதாக வந்தது. அந்த ஆய்வு ஒரே ஒரு காலைச் சிறுநீரை எடுத்து, சூத்திரத்தின் மூலம் நாள் முழுவதற்குமான சோடியத்தைக் கணித்தது. ஒருவர் இன்று சாப்பிடும் உப்பும் நாளை சாப்பிடும் உப்பும் ஒன்றல்ல. ஒரு வேளைச் சிறுநீர் அதைச் சொல்லாது. அதோடு, ஏற்கெனவே நோயுற்றவர்கள் பசி இழந்து குறைவாகச் சாப்பிடுகிறார்கள். அவர்களிடம் காணப்படும் ஆபத்து நோயால் வந்ததாக இருக்கலாம். அதே ஆண்டு அமெரிக்காவில், ஒருவரிடமே பலமுறை 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு வெளியானது. அதில் சோடியம் குறையக் குறைய இதய நோயும் குறைந்தே வந்தது. அளக்கும் முறை சரியாக இருக்கும் ஆய்வின் பக்கம் நிற்பதே அறிவுடைமை. மேலும், இந்த விவாதம் எல்லாம் நாம் இப்போது நிற்கும் இடத்துக்குக் கீழே உள்ள அளவைப் பற்றியது. மிக அதிகமாகச் சாப்பிடுபவர்கள் குறைப்பது நல்லது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இந்துப்பும் பொட்டாசியம் உப்பும்

உப்பைக் குறைக்க மனமில்லாமல் உப்பை மாற்றுபவர்கள் பலர். இந்துப்பும் ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைடுதான். கல் உப்பும் அப்படியே. இந்துப்பில் உள்ள மற்றத் தாதுக்கள் கணக்கில் கொள்ள முடியாத அளவு சிறியவை. அயோடின் சேர்க்கப்படாவிட்டால் அதுவும் இல்லாமல் போகிறது; கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இது சிறிய இழப்பு இல்லை.

சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பின் கதை வேறு. சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21 ஆயிரம் பேரிடம், ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் நடந்த ஆய்வில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதமும் இறப்பு 12 சதவீதமும் குறைந்தன. தெலங்கானாவின் சித்திப்பேட்டை மாவட்டக் கிராமங்களில் கொதிப்பு உள்ள 502 பேரிடம் மூன்று மாதம் சோதித்தபோது மேல் அழுத்தம் 4.6 புள்ளி குறைந்தது. நம்மைப் போலவே காரமும் புளியும் உண்ணும் மக்களிடம் கிடைத்த முடிவு என்பதால் இதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தைக் கூட்டும் சில கொதிப்பு மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும் இந்த உப்பு இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம். தங்களுக்குச் சிறுநீரகக் கோளாறு இருப்பதே தெரியாதவர்கள் நம்மிடையே நிறைய. ஆகையால் இரத்தப் பரிசோதனை செய்யாமலும் மருத்துவரைக் கேட்காமலும் இதை வாங்கக் கூடாது. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் முதியவர்களும் கேட்காமல் உப்பைத் தடாலடியாக நிறுத்தக் கூடாது. அவர்களுக்குச் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்து தடுமாற்றமும் மயக்கமும் வரலாம்.

மாத்திரைதான் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று: அதிக உப்பு, பல கொதிப்பு மாத்திரைகளின் வேலையைக் கெடுக்கிறது. உப்பு அப்படியே இருந்தால் ஒரு மாத்திரை இரண்டாகும்.

நாக்கு பழகும்

ருசி போய்விடும் என்ற அச்சம்தான் எல்லா எதிர்ப்புக்கும் அடியில் இருக்கிறது. அது பொய்யான அச்சமும் இல்லை. நேற்றுவரை சாப்பிட்ட உப்பில் பாதியைத் திடீரென்று எடுத்துவிட்டால் எந்தக் குழம்பும் வாயில் வைக்க முடியாது. ஆனால் நாக்கு சில வாரங்களில் புதிய அளவுக்குப் பழகிக்கொள்கிறது. இரண்டு மூன்று மாதங்களில் பழைய அளவே கரிக்கத் தொடங்கும். பிரிட்டனில் 2001க்கும் 2011க்கும் இடையில் ரொட்டியின் உப்பை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். சிறிது சிறிதாகக் குறைத்ததால் மக்கள் வழக்கம்போல வாங்கிச் சாப்பிட்டார்கள். நாட்டின் சராசரி உப்பும் அந்தப் பத்தாண்டில் 9.5 கிராமிலிருந்து 8.1 கிராமுக்கு இறங்கியது. வீட்டிலும் இதே வழிதான்: முதல் மாதம் பத்தில் ஒரு பங்கு, அது பழகியபின் இன்னொரு பங்கு. கையால் அள்ளிப் போடுவதை விட்டுக் கரண்டியால் அளந்து போட்டாலே இது சாத்தியம். சோறு வடிக்கும்போது போடும் உப்பை முதலில் விடலாம். சாம்பாரோடு பிசையும்போது அது இல்லாதது தெரியாது. புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, பெருங்காயம், கொத்தமல்லி என்று நம் அஞ்சறைப் பெட்டியும் தோட்டமும் தரும் சுவைகள் உப்பின் குறையை மூடும் வல்லமை உள்ளவை. ஊறுகாயும் அப்பளமும் தினசரிச் சாப்பாட்டிலிருந்து விருந்து நாளுக்குப் போகட்டும். மேசையில் உப்புக் குப்பி வேண்டாம்.

அளவைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. நாலு பெரியவர்கள் உள்ள குடும்பத்துக்கு ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளொன்றுக்கு 20 கிராம்; ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். வெளிச்சாப்பாட்டிலும் தின்பண்டத்திலும் வருவதையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு மாதத்துக்கு மேலேயே வர வேண்டும். பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன்மேல் தேதியை எழுதி வையுங்கள். தீரும் நாளில் பார்த்தால் வீட்டின் கணக்குத் தெரிந்துவிடும். அடுத்த பாக்கெட் எத்தனை நாள் கூடுதலாக வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.