வயற் சேற்றில் எழும் குமிழிகள்

நீர் கட்டிய வயலில் நடக்கும்போது காலடியிலிருந்து குமிழிகள் எழுவதைக் கமக்காரர்களாகிய நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றில் மிகுந்திருப்பது மெதேன் என்னும் எரியக்கூடிய வாயுவாகும். அதற்கு மணமில்லை, சேற்று நாற்றம் வேறு வாயுக்களுடையது. குமிழியாய் வருவதும் சிறுபங்கே. பெரும்பகுதி நெற்பயிரின் உள்ளிருக்கும் காற்றறைகள் வழியே கண்ணுக்குப் புலப்படாமல் வெளியேறிவிடுகின்றது.

காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்களே இவ்வாயுவை ஆக்குகின்றன. புதைத்த வைக்கோல் நீரின் கீழ் அழுகும்போது தோன்றும் ஐதரசன் வாயுவும் அசற்றிக்கமிலமும் இவற்றுக்கு உணவு. உணவு எதுவாயினும், மெதேன் பிறக்கும் இறுதிப் படியை முடிப்பது ஒரே நொதியமாகும். நொதியம் யாதெனில், உயிரினுள் நிகழும் இரசாயன மாற்றத்தை விரைவாக்கும் பொருள். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது உமிழ்நீரிலுள்ள ஒரு நொதியத்தாலேயே.

ஜேர்மனியின் மார்பூர்க் நகரத்து உயிரிரசாயன அறிஞர் ரொல்ப் தௌவர் இதனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். இந்நொதியத்தின் வேலையைச் செய்யும் மஞ்சள் நிறப் பகுதியில் நிக்கல் என்னும் உலோகம் உண்டென்பது 1980இல் வெளியாயிற்று. 1997இல் அவரும் உடனுழைத்தோரும் நொதியத்தின் முழு அமைப்பையும் வெளியிட்டனர். நமக்கு வேண்டிய செய்தி இதுவே: அந்த நிக்கல் ஒட்சிசன் பட்டால் தன் நிலை மாறிவிடும், நொதியமும் செயலிழக்கும். காற்றோட்டமுள்ள மரக்கறிப் பாத்திகளில் மெதேன் உண்டாகாததும் காற்று அங்கே புகுவதாலேயே.

நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், நிறைக்கு நிறை, காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்குவது மெதேன். ஆயினும் வரம்பில் நிற்கும் கமக்காரருக்கு முதலிற் பயன்படுவது, சிறுபோகத்திலே மிஞ்சும் குளத்து நீரென்றே நான் கருதுகின்றேன்.

பயிர் மட்டம் பெயர்ந்து களையும் அடங்கியபின் நீரை வற்ற விடுங்கள். துளையிட்ட குழாயொன்றை மண்ணிற் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கியதும் மீண்டும் பாய்ச்சுங்கள். மேற்கட்டுப் பசளையாக யூரியாவை இடுவதாயின் நீர் பாய்ச்சுவதற்குச் சற்று முன் இடுதல் நன்று. பூக்கும் காலத்தில் மட்டும் நீர் குறையலாகாது.

பச்சை வைக்கோலை விதைப்புக்குச் சில நாட்களின் முன் புதைக்காதீர்கள். அறுவடை முடிந்தவுடன் பரப்பி, ஈரமான காற்றுள்ள மண்ணிலே மட்க விடுங்கள். எரிப்பின் நைதரசன் புகையோடு போய்விடும்.

உவர் நிலங்களிலும், நீர் திரும்பக் கிடைக்குமென்ற உறுதியில்லாத மானாவாரி வயல்களிலும் வற்ற விடும் முறையைக் கைக்கொள்ளுதல் ஆகாது.