காஞ்சனை: வீட்டுக்குள் வரும் பயம்

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வை (1897) முடித்த கையோடு புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யைப் படித்தேன். டிராகுலா பூண்டுக்கும் சிலுவைக்கும் அடங்குவான்னு தெரிஞ்சதுமே எனக்குப் பாதி பயம் போயிடுச்சு. அப்புறம் அது வேட்டைக் கதைதான்.

புதுமைப்பித்தன் அந்த வசதியைத் தருவதில்லை. கதை சொல்பவன் தூக்கம் வராத ஓர் எழுத்தாளன். பிச்சை கேட்டு வந்தவளை மனைவியே வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறாள். ராத்திரியில் ஒரு வாசனை. எங்க பிள்ளையார்பாளையத்தில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் ஓய்ந்த நேரம் பார்த்தா அந்த இடத்தைப் படிக்கணும்!

வந்தது பேயா, அவன் பிரமையா? இப்படி முடிவுக்கு வர முடியாமல் வாசகர் தடுமாறும்வரைதான் அது மாயக்கதை என்று விமர்சகர் டொடொரோவ் 1970-இல் விளக்கினார். புதுமைப்பித்தன் 1948-லேயே இறந்துவிட்டார். இரண்டு தடவை படிச்சாச்சு, நான் இன்னும் முடிவுக்கு வரலை.