செவியிழந்தவர் கேட்ட நதி

பொஹீமியாவின் தென்மேற்கு எல்லையில், ஷுமாவா என்னும் வனம் அடர்ந்த மலைத்தொடரில், இரண்டு சிற்றாறுகள் உற்பத்தியாகின்றன. வெதுவெதுப்பான வல்டாவா என்று ஒன்றும், குளிர்ந்த வல்டாவா என்று மற்றொன்றும் அத்தேசத்தாரால் அழைக்கப்படும் இவ்விரண்டும் கலந்து, ஒரே நதியாய்ப் பெருகி, பிராக் நகரத்தின் ஊடே சென்று, மெல்னிக் என்ற ஊரருகே எல்பே நதியோடு சங்கமமாகின்றன.

இந்த நதியின் பிரயாணத்தையே வாத்தியங்களின் வாயிலாகச் சொல்லிவிட எண்ணினார் இசையமைப்பாளர் பெட்ரிக் ஸ்மெதனா. செக் மக்கள் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் பிரஜைகளாயிருந்த காலம் அது. உத்தியோகத்திற்கும் கல்விக்கும் ஜெர்மன் மொழியே வழி என்றிருந்தமையால், ஸ்மெதனாவும் அம்மொழியிலேயே பயின்று, வயது வந்த பிறகுதான் செக் மொழியை முறையாகக் கற்றார். 1874 அக்டோபரில் அவருடைய செவிப்புலன் முற்றிலும் போய்விட்டது. சங்கீதமே ஜீவனமாகக் கொண்டவருக்கு இதைவிடக் கொடிய துன்பம் ஏது? ஆயினும் அடுத்த மாதம் 20-ஆம் தேதி எழுதத் தொடங்கி, டிசம்பர் 8-ஆம் தேதிக்குள், பத்தொன்பதே நாட்களில், ‘வல்டாவா’வை முடித்துவிட்டார். ‘என் தாய்நாடு’ என்ற ஆறு இசைச் சித்திரங்களில் இது இரண்டாவது.

தொடக்கத்தில் இரண்டு புல்லாங்குழல்கள் மட்டுமே பேசுகின்றன. ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று பற்றிக்கொண்டு, ஊற்றுநீர் கூழாங்கற்களினிடையே நெளிவதுபோல் ஓடிக்கொண்டிருக்க, வயலின் தந்தியை வில்லின்றி விரலால் சுண்டும் ஓசையும், ஹார்ப்பின் நாதமும், துளி தெறித்தாற்போல் அங்கங்கே கேட்கின்றன. பின்பு கிளாரினெட்டுகள் வந்து கலக்கின்றன. அது இரண்டாவது ஊற்று. இரண்டும் கூடிய பிறகே நதியின் பிரதான மெட்டு, சிறிது ஏக்கம் தோய்ந்த குரலில், வயலின்களில் விரிகிறது. கரையோரக் காட்டில் வேட்டைக்காரர் ஊதும் கொம்பு, கிராமத்துக் கல்யாணத்தில் ஆடும் போல்கா நடனம் ஆகியவற்றைக் கடந்து இரவு வருகிறது. நிலவொளியில் நீரர மகளிர் விளையாடும் இவ்விடத்தில் வயலின்கள் தம் குரலை அடக்கி இசைக்கும் மென்மைக்கு ஈடாக அந்த நூற்றாண்டின் இசையில் வேறொன்றைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து வருவது பிரளயம். பிராக்குக்குத் தெற்கே, புனித யோவானின் பெயர் தாங்கிய பாறைச் சரிவில், நதி மோதிச் சிதறும் ஆரவாரத்தை முரசுகளும் தாளங்களும் பித்தளைக் குழல்களும் ஒருசேர எழுப்புகின்றன. அதைத் தாண்டியதும் ஏக்கமெல்லாம் நீங்கி, மேஜர் ஸ்வரங்களில் மெட்டு மலர, பண்டை மன்னர்களின் விஷெராட் கோட்டையை வணங்கிவிட்டு நதி அகன்றுபோகிறது.

1875 ஏப்ரல் 4-ஆம் தேதி பிராக்கில் இது முதன்முறையாக வாசிக்கப்பட்டது. 1884 மே 12-ஆம் தேதி மறையும்வரை, இயற்றியவரின் காதில் இதன் ஒரு ஸ்வரமும் விழவில்லை. அவர் நினைவிலிருந்து எழுப்பிய அந்தப் பாறைச் சரிவையும் 1940-களில் ஸ்டெகோவிட்சே அணையின் நீர் மூடிவிட்டது. அவ்விடத்தில் இன்று நதி அலையடங்கிக் கிடக்கிறது. அதன் பழைய முழக்கத்தைக் கேட்க விரும்புவோர் கச்சேரி மண்டபத்துக்குத்தான் போகவேண்டும்.