கீழே எவருமில்லாத வானம்

ஆலயத்தில் ஆர்கன் இசைக்கும்போது அதன் குழல்களுக்குக் காற்றூட்டுவது துருத்தி. நம் சிற்றாலயங்களில் ஆர்மோனியம் வாசிப்பவரின் இடக்கை ஓயாது அசைத்துக்கொண்டிருப்பதும் அத்தகைய துருத்தியையே. நாட்டுப்புறக் கொல்லனுக்கும் ஆலயப் பாடகருக்கும் பொதுவான இந்த எளிய கருவிதான், விமானிகளைத் தரையிலேயே பழக்கிய பொறிக்கும் உயிர் கொடுத்தது என்பதை வாசகர்களுள் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில் பியானோவும் ஆர்கனும் செய்து விற்ற குடும்பம் ஒன்று இருந்தது. அக்குடும்பத்து மகன் எட்வின் லிங்க் என்பவருக்கு விமானம் ஓட்டுவதில் அடங்காத ஆசை. ஆனால் பயிற்சிக்கு ஆகும் செலவோ பெரிது. எனவே தந்தையின் தொழிற்கூடத்தில் கிடந்த துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கொண்டு, குட்டையான சிறகுகளுடன் கூடிய மரப்பெட்டி ஒன்றை 1929-ஆம் ஆண்டில் அவர் உருவாக்கினார். உள்ளே அமர்ந்து பிடியை அசைத்தால் பெட்டி சாயும், திரும்பும், மூக்கை உயர்த்தும். தொடக்கத்தில் இதனை வாங்கியவை பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்களே! 1934-இல் அஞ்சல் மூட்டைகளைச் சுமந்து சென்ற இராணுவ விமானிகள் பலர் மூடுபனியிலும் புயலிலும் சிக்கி மாண்டபோதுதான், கண்ணை நம்பாமல் கருவிகளை நம்பிப் பறக்கும் பழக்கம் தேவை என்பதை அரசு உணர்ந்தது; ஆறு பெட்டிகளை வாங்கிற்று. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் பல இலட்சம் விமானிகள் அந்த நீலப் பெட்டியில் அமர்ந்து எழுந்தனர். உயிரைக் காப்பதற்காகப் பிறந்த பொறி அது என்பதை இங்கே நினைவிற்கொள்ளல் நலம்.

துருத்தி செய்த வேலையைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டபின், மரப்பெட்டியின் இடத்தில் கண்ணாடித் திரை வந்தது. இலினாய் பல்கலைக்கழக மாணவர் புரூஸ் ஆர்ட்விக் 1975-இல் விமானப் பறப்பைத் திரையில் வரைந்து காட்டும் முறையைத் தமது ஆய்வேட்டின் பொருளாக்கினார். சில ஆண்டுகளிலேயே அது வீட்டுக் கணிப்பொறிகளுக்கு விற்பனைக்கு வந்தது. அந்தத் தொடக்கக் காலத்திலேயே முதல் உலகப் போரின் வான்சண்டை ஒன்றும் அதனுள் புகுந்துவிட்டது. பறத்தலும் சுடுதலும் ஒரே தொட்டிலில் வளர்ந்தன எனலாம்.

இக்கட்டுரைக்குக் காரணமான விளையாட்டு அதற்குப் பிந்தியது. 1991-இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் வெளியிட்ட ‘சீக்ரெட் வெப்பன்ஸ் ஆஃப் த லூஃப்ட்வாஃபே’ என்பது அதன் பெயர். ஜெர்மன் விமானப்படையின் இரகசிய ஆயுதங்கள் என்பது பொருள். இதனை அமைத்தவர் லாரன்ஸ் ஹாலண்ட். தொல்லியல் கற்று அகழாய்வுகளில் பணிசெய்தவர். 1943 முதல் போர் முடியும்வரை ஜெர்மனியின் வானில் நடந்த சண்டைகளே அதன் களம். விளையாடுவோர் அமெரிக்கர் பக்கமும் நிற்கலாம், ஜெர்மானியர் பக்கமும் நிற்கலாம்.

கமுதிக்கும் பார்த்திபனூருக்கும் இடையே கிடக்கும் நம் அபிராமத்தில் இந்த விளையாட்டு எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்பீர்கள். வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் பிழைப்புத் தேடிச் சென்றவர்கள் திரும்பும்போது கொண்டுவந்த பொருள்களுள் பழைய கணிப்பொறிகளும் உண்டு. அவற்றுள் ஒன்று, 386 வகையைச் சேர்ந்தது, பரணில் பல்லாண்டு கிடந்தபின் பழைய இரும்புக்குப் போகவிருந்தது. மின்சார வேலை அறிந்த இளைஞர் ஒருவர் அதனை மீட்டெடுத்து, “சாமி, ஒரு மூலை கொடுங்கள்” என்று கேட்டு, பங்கு மன்றத்து அறையில் வைத்துப் பழுது நீக்கினார்.

அவர் பட்ட பாட்டைச் சொல்லத்தான் வேண்டும். இத்தகைய பழைய பொறிகளின் தாய்ப்பலகையில், நாளையும் நேரத்தையும் நினைவில் வைத்திருக்கச் சிறு மின்கலம் ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆண்டுகள் செல்லச்செல்ல அது கசிந்து, சுற்றியுள்ள செப்புக் கோடுகளை அரித்துவிடும். வீட்டில் பழைய கணிப்பொறி வைத்திருப்போர் முதலில் அதனை அகற்றுவது நன்று. நெகிழ்தட்டுகளில் பூஞ்சை படிந்திருக்கும். துடைக்காமல் செருகினால் தட்டும் கெடும், படிக்கும் கருவியும் கெடும். இவையெல்லாம் சரியான பின்னும் நினைவகச் சிக்கல் நிற்கும். அக்காலத்து டாஸ் முறையில், இயந்திரத்தில் எத்தனை மெகாபைட் நினைவகம் இருந்தாலும், கட்டளைத் தொடருக்கு நேராகப் பயன்படுவது முதல் 640 கிலோபைட்டுக்குள்தான். சுட்டெலிக்கு ஒரு பங்கு, ஒலிக்கு ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுத்தபின் விளையாட்டுக்கு இடம் போதாது. எதை நீக்கலாம், எதை மேலே ஏற்றலாம் என்று அந்த இளைஞர் மூன்று மாலைகள் கணக்குப் போட்டார். குறுகிய வீட்டில் பெரிய குடும்பத்தை உறங்கவைக்கும் தாயின் சாமர்த்தியம் அதற்கு வேண்டும்! இத்தனையும் வேண்டாமென்றால் ‘டாஸ்பாக்ஸ்’ என்னும் இலவச மென்பொருள் புதிய கணிப்பொறிக்குள்ளேயே பழைய கணிப்பொறி ஒன்றைப் பாவனையாக அமைத்துத் தரும். ஆனால் கைவேலையில் கற்றுக்கொண்டது அதில் கிட்டாது.

விளையாட்டைப் பற்றி என் மதிப்பீட்டைக் கூறுகிறேன். வானத்தைப் பொறுத்தவரை அது பெரிதும் உண்மையே பேசுகிறது. வான்சண்டையில் வெல்பவன் விரைந்து சுடுபவன் அல்லன். உயரத்தைச் சேர்த்து வைத்திருப்பவன். நம் பக்கத்து விவசாயிக்கு இதனை விளக்குவது எளிது. உயரம் என்பது கண்மாயில் தேங்கிய நீர். மடையைத் திறந்தால் அது வேகமாகப் பாயும். திறந்து விட்டதைத் திரும்பப் பெற மறுமழைக்குக் காத்திருக்க வேண்டும். கடுமையாகத் திரும்பித் திரும்பிப் பகைவனைத் துரத்தும் இளம் விமானி, கண்மாய் முழுவதையும் ஒரே நாளில் வடித்துவிட்டு வெறுந்தரையில் நிற்கிறான். சிறகைத் தாங்கும் வேகம் போய், விமானம் கல்லாய் விழுகிறது. பள்ளியில் இயற்பியல் பாடத்தில் நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் என்று மனப்பாடம் செய்த மாணவர்கள், இந்தத் திரையின் முன் அரைமணி நேரம் அமர்ந்தால் அதன் பொருளை உணர்வார்கள்.

தலைப்பில் வரும் இரகசிய ஆயுதங்களின் பெருமையையும் சிறுமையையும் அது மறைக்கவில்லை. மெஸ்ஸர்ஷ்மிட் 163 என்னும் ராக்கெட் விமானம் அம்புபோல் ஏறும். ஆனால் எரிபொருள் ஏறத்தாழ ஏழரை நிமிடத்தில் தீர்ந்துவிடும், பிறகு அது வெறும் பட்டம். மெஸ்ஸர்ஷ்மிட் 262, போரில் பெருமளவில் ஈடுபட்ட முதல் ஜெட் சண்டை விமானம். வேகம் மிகுந்தது. ஆயினும் அதன் எஞ்சின்கள் நோஞ்சான்கள். அவசரப்பட்டு விசையைக் கூட்டினால் அணைந்துபோகும். ஆகவே அது தரையிறங்கும் தருணத்திற்காக அமெரிக்க விமானிகள் காத்திருந்து வீழ்த்தினர்.

அமெரிக்கர் பக்கம் நின்றால் பி-17 என்னும் பெரிய குண்டுவீச்சு விமானத்தை ஓட்டலாம். உண்மையில் அதில் பத்துப் பேர் இருந்தனர். 1943 அக்டோபர் 14-ஆம் நாள் ஷ்வைன்ஃபர்ட் நகரத்துக் குண்டுமணித் தாங்கி ஆலைகளைத் தாக்கச் சென்றவற்றுள் 60 விமானங்கள் அன்று ஒரே நாளில் வீழ்ந்தன. ஏறத்தாழ அறுநூறு பேர்! திரையில் அது ஓர் எண். ஆனாலும் விளையாடுவோன் அந்த விமானத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாறி அமர்ந்து, நான்கு புறமும் பகைவர் பாய்வதைப் பார்க்கும்போது, அந்த அறுநூறு பேரின் நடுக்கத்தில் ஒரு துளியையேனும் உணர்கிறான். இதனை நான் மறுக்கமாட்டேன்.

குறை எங்கே என்றால், கீழே பார்க்கும்போது. தரை என்பது பசுமையான ஒரு விரிப்பு. தொழிற்சாலை என்பது சில சதுரங்கள். குண்டு விழுந்தால் புகை எழும்; ஆலையின் உற்பத்தி குறையும்; எதிரிக்கு விமானங்கள் குறைவாய் வரும். அங்கே ஒருவரும் வேலை செய்வதில்லை, ஒருவரும் அடுப்பு மூட்டுவதில்லை. மெய்யான மெஸ்ஸர்ஷ்மிட் 262-இன் உடற்பகுதிகள் எங்கே செய்யப்பட்டன தெரியுமா? ஆஸ்திரியாவின் மௌத்தௌசன் கைதி முகாமைச் சார்ந்த கூசனில், மலையைக் குடைந்த சுரங்கங்களுக்குள், பட்டினிக் கைதிகளின் கைகளால். வேலை செய்ய இயலாமற்போனவர்கள் அங்கேயே மடிந்தனர். விளையாட்டிலோ விமானம் தானே பிறந்து வருகிறது.

“விளையாட்டு விளையாட்டுத்தானே, சாமி” என்பார்கள். வேறு நாட்டில் அப்படிச் சொல்லிவிட்டுப் போகலாம். நம் கடற்கரையில் அது எளிதன்று. 1987 ஜூன் 3-ஆம் நாள் இராமேசுவரத்திலிருந்து யாழ்ப்பாணத்திற்கு உணவும் மருந்தும் ஏற்றிச் சென்ற படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து ஆன்டனோவ் விமானங்கள், மிராஜ் சண்டை விமானங்களின் காவலுடன் பெங்களூரிலிருந்து பறந்து சென்று, ஏறத்தாழ 25 டன் பொருள்களை யாழ்ப்பாணத்தின்மீது இறக்கின. ‘பூமாலை’ என்று அதற்குப் பெயரிட்டனர். அந்த விமானங்களைக் கீழிருந்து பார்த்தவர்களும், பிற நாள்களில் வேறு விமானங்களைக் கீழிருந்து பார்த்தவர்களும், பின்னர் மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். முற்றத்தில் பதுங்குகுழி வெட்டி, ஓசையைக் கேட்டே எந்த விமானம் என்று சொல்லக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அவர்களுள் உண்டு. 1995 ஜூலை 9-ஆம் நாள் யாழ்ப்பாணத்து நவாலியில், இடம்பெயர்ந்து வந்து புனித பேதுரு ஆலயத்திலும் அதன் வளாகத்திலும் தங்கியிருந்தோர்மீது இலங்கை விமானப்படையின் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மேலிருந்த விமானிக்கு அந்த ஆலயம் எப்படித் தெரிந்திருக்கும்? திரையில் நாம் காணும் சதுரத்தைவிடப் பெரிதாகத் தெரிந்திருக்குமா?

இன்றும் நம் வானம் வெறுமையாக இல்லை. உச்சிப்புளியில் ‘பருந்து’ என்னும் கடற்படை விமானத்தளம் 2009 முதல் இயங்குகிறது. தஞ்சாவூரில் 2020 முதல் சுகோய் அணி ஒன்று நிற்கிறது. நம் விமானப்படையே 2019-இல் கைப்பேசிக்கென வான்சண்டை விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. எனவே பெற்றோர்கள் இவற்றைத் தடைசெய்து மீளலாம் என்று நான் எண்ணவில்லை. பிள்ளைகள் விளையாடும்போது அருகே ஒருமுறை அமர்ந்து, கீழே யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் போதும்.

அப்படிக் கேட்ட விமானி ஒருவர் உண்மையிலேயே இருந்தார். லெனர்டு செஷயர், பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானி. 1944 பிப்ரவரி 8-ஆம் நாள் இரவு, ஜெர்மானியர் வசமிருந்த பிரான்சில், லிமோஜ் நகரத்து விமான எஞ்சின் ஆலையை அழிக்க அவருடைய அணி சென்றது. உள்ளே இரவுப்பணியில் இருந்தோர் பிரெஞ்சுத் தொழிலாளர்கள். செஷயர் தமது லான்காஸ்டர் விமானத்தை ஆலையின் கூரையை உரசுமளவுக்குத் தாழ்த்தி, ஒருமுறையன்று, மூன்றுமுறை மேலே பறந்தார். ஓடிவிடுங்கள் என்பதே அதன் பொருள். அவர்கள் வெளியேறுவதற்கு அவகாசம் கொடுத்த பின்னரே, குறியிடும் எரிகுண்டுகளைப் போட்டார். மற்ற விமானங்கள் அக்குறியின்மீது தாக்கின. எதிர்பாராத் தாக்குதல் என்னும் ஆயுதத்தைத் தாமே கைவிட்டார் என்பதைப் போர்க்கலை அறிந்தோர் உணர்வர்.

அதே செஷயர் 1945 ஆகஸ்ட் 9-ஆம் நாள், நாகசாகியின்மீது அணுகுண்டு விழுந்தபோது பிரிட்டனின் பார்வையாளராக வேறொரு விமானத்தில் தொலைவிலிருந்து கண்டார். அந்தக் குண்டு வெடித்த இடம், கிழக்காசியாவின் பெரிய ஆலயங்களுள் ஒன்றான உராகாமிப் பேராலயத்திற்கு மிக அருகில். 1948-இல் அவர் கத்தோலிக்கரானார். அதே ஆண்டில், போக்கிடமின்றிப் புற்றுநோயில் கிடந்த ஒருவரைத் தம் வீட்டில் வைத்துப் பேணினார். அதிலிருந்து வளர்ந்த செஷயர் இல்லங்கள் 1950-களின் நடுவில் பம்பாய்க்கும் வந்தன.

இந்த லிமோஜ் வரலாற்றை அந்த இளைஞருக்கு ஒரு மாலையில் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த விளையாட்டில் லான்காஸ்டர் இல்லை. ஆகவே மறுநாள் மஸ்டாங் விமானத்தில் ஏறி, ஜெர்மன் ஆலை ஒன்றின்மேல் தாழப் பறந்து பார்த்தாராம். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. கீழே எவரும் ஓடவில்லை. ஓடுவதற்கு ஆளில்லை. நான்காம் சுற்றில் தரைப் பீரங்கி அவரைச் சுட்டு வீழ்த்தியது.