டாட்சன் 510 வேகன்: பின் அச்சு சொல்லும் அடையாளம்

1967இல் நிசான் அறிமுகப்படுத்திய இந்தக் கார் ஜப்பானில் புளூபேர்ட். அமெரிக்காவில் டாட்சன் 510. பெயர்ப்பட்டை நாட்டுக்கு நாடு மாறும், கழற்றியும் மாற்றலாம். ஆகவே வேகனை இனங்காண அதன் அடிப்பகுதியைப் பார்ப்பதே உறுதியான வழி. அமெரிக்காவில் விற்ற செடானில் பின்சக்கரங்கள் தனித்தனியே காயில் ஸ்பிரிங்கில் இயங்கும். வேகனிலோ இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே திட அச்சு, லீஃப் ஸ்பிரிங்மேல் அமர்ந்திருக்கும்.

டபிள்யூபிஎல்510 எனத் தொடங்கும் சேஸிஸ் எண் போதாதா எனலாம். எண் தகடு துருப்பிடிக்கும், இடம் மாறும். ஸ்பிரிங் பொருந்தும் அமைப்போ உடற்கூட்டின் பகுதி. இது செடானைவிடத் தாழ்ந்த ஏற்பாடு என்போரும் உண்டு. வளைவுகளில் செடான் மேலானதுதான். ஆனால் பாரம் சுமக்கவே பிறந்த வண்டிக்கு லீஃப் ஸ்பிரிங் பொருத்தமான தேர்வு. அதை அகற்றி ‘மேம்படுத்தும்’ உரிமையாளர், வண்டியின் நம்பகமான சான்றையே இழக்கிறார்.