தியேட்டரா, ஓடிடியா? பேய்ப் படம் 'பார்ட் 2' வீட்டுக்கு வர எத்தனை நாள்... விழுப்புரம், திண்டிவனம் தியேட்டர்களுக்கு என்ன சிக்கல்?

"ஒரு மாசம் பொறுத்தா போன்லயே வந்துடும்." பேய்ப் படத்தோட அடுத்த பாகம் ரிலீஸ் ஆகும்போதெல்லாம் பல வீடுகளில் கேட்கிற பேச்சு இது. உண்மையிலேயே ஒரு மாசத்துல வந்துடுதா? அந்த நாள் கணக்கை யார் முடிவு பண்றாங்க? விழுப்புரம், திண்டிவனம் மாதிரி ஊர்களில் இருக்கிற தியேட்டருக்கு இதனால் என்ன பாதிப்பு? விரிவாக பார்க்கலாம்.

28 நாள்... 43 நாள்... 49 நாள்!

சமீபத்தில் வந்த மூன்று பேய்ப் படங்களை எடுத்துக்கலாம். மூன்றுமே அடுத்த பாகங்கள்தான்.

சந்திரமுகி 2: தியேட்டரில் 2023 செப்டம்பர் 28. நெட்ஃபிளிக்ஸில் அக்டோபர் 26. இடைவெளி சரியாக 28 நாள், அதாவது 4 வாரம்.

அரண்மனை 4: தியேட்டரில் 2024 மே 3. டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் ஜூன் 21. இடைவெளி 49 நாள், அதாவது 7 வாரம்.

டிமான்ட்டி காலனி 2: தியேட்டரில் 2024 ஆகஸ்ட் 15. ஜீ5 தளத்தில் செப்டம்பர் 27. இடைவெளி 43 நாள்.

ஆக, 'ஒரு மாசம்' என்பது எல்லா படத்துக்கும் பொருந்தாது. ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு கணக்கு.

இந்த கணக்கை யார் போடுறாங்க?

இத்தனை நாள் கழிச்சுதான் ஓடிடியில் விடணும்னு அரசு சட்டம் எதுவும் கிடையாது. தயாரிப்பாளரும் ஓடிடி நிறுவனமும் போடுற ஒப்பந்தம்தான் முடிவு பண்ணுது. சீக்கிரம் கொடுத்தா படம் பற்றிய பேச்சு சூடா இருக்கும்போதே சந்தாதாரர்கள் பார்ப்பாங்க. அதனால ஓடிடி நிறுவனங்கள் குறைந்த இடைவெளியைத்தான் விரும்பும்.

தியேட்டர் தரப்பு கேட்பது இதுக்கு நேர்மாறு. 2024 ஜூலை கடைசியில் தயாரிப்பாளர்கள், விநியோகஸ்தர்கள், தியேட்டர் உரிமையாளர்கள் சங்கங்கள் சேர்ந்து நடத்திய கூட்டத்தில், முன்னணி நடிகர்களின் படங்கள் 8 வாரம் கழிச்சே ஓடிடிக்கு போகணும் என்று தீர்மானம் போட்டாங்க. இது சங்கங்களுக்குள் பேசிக்கிட்ட முடிவு, சட்டம் இல்லை.

இந்தி பக்கம் நிலைமை இன்னும் கறார். வட இந்தியாவின் பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள், 8 வார இடைவெளி இல்லாத படத்துக்கு ஸ்கிரீன் கொடுப்பதில்லை. 2023ல் விஜய்யின் 'லியோ' இந்திப் பதிப்பு அந்த மல்டிபிளெக்ஸ்களில் ஓடாததுக்கு இதுதான் காரணம்.

'என்.எஸ்.சி' ஏரியான்னா என்ன?

சினிமா வியாபாரத்தில் விழுப்புரமும் திண்டிவனமும் 'என்.எஸ்.சி' ஏரியாவில் வரும். பழைய வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களின் ஆங்கிலப் பெயர்களில் இருந்து வந்த சுருக்கம் இது. தென் ஆற்காடு பிரிந்து 1993ல் விழுப்புரம் மாவட்டம் உருவானாலும், படம் விற்கும்போது பழைய பெயர்தான் இன்னமும் புழக்கத்தில் இருக்கு.

இங்கேதான் வாரக் கணக்கு முக்கியமாகுது. முதல் வார டிக்கெட் வசூலில் விநியோகஸ்தரின் பங்கு அதிகம். வாரம் போகப் போக அந்தப் பங்கு குறைஞ்சு, தியேட்டர்காரரின் பங்கு கூடும். அதாவது மூன்றாவது வாரம், நான்காவது வாரம் கூட்டம் வந்தால்தான் தியேட்டருக்கு கையில் நாலு காசு நிக்கும். 28வது நாளில் படம் போனில் வரும்னு முன்கூட்டியே தெரிஞ்சா, அந்த வாரங்களில் வரவேண்டிய ஆட்கள் வீட்டிலேயே இருந்துடுவாங்க. கரண்ட் பில்லும் ஊழியர் சம்பளமும் மட்டும் குறையாது.

பேய்ப் படத்துக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?

தமிழில் பேய்ப் படம் என்பது குடும்பப் படம். ராகவா லாரன்ஸின் 'முனி' 2007ல் வந்தது. அதன் இரண்டாம் பாகம்தான் 2011ல் வந்த 'காஞ்சனா'. பிறகு 2015, 2019 என நாலு வருஷத்துக்கு ஒரு பாகம். சுந்தர் சி-யின் 'அரண்மனை' 2014ல் தொடங்கி பத்து வருஷத்தில் நாலு பாகம் வந்துடுச்சு. பயம், காமெடி, சென்டிமென்ட் மூன்றும் கலந்த இந்த ஃபார்முலாவுக்கு பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை சேர்ந்து வருவாங்க.

குடும்பக் கூட்டம் முதல் நாள் முதல் காட்சிக்கு அடிச்சு பிடிச்சு வராது. "படம் நல்லா இருக்காம்" என்ற பேச்சு தெருவுக்குள் வரணும். ஞாயிற்றுக்கிழமை வரணும், சம்பளமும் வரணும். அதுக்கே ரெண்டு மூணு வாரம் ஆகிடும்.

2024 தொடக்கத்தில் பெரிய வெற்றி இல்லாமல் தமிழ் சினிமா தவிச்ச நேரத்தில், தியேட்டருக்கு கூட்டம் கூட்டி வந்தது 'அரண்மனை 4'. அந்தப் படத்துக்கு 7 வாரம் இடைவெளி கிடைத்ததையும் சேர்த்துத்தான் பார்க்கணும். 'டிமான்ட்டி காலனி 2' விக்ரமின் 'தங்கலான்' வெளியான அதே நாளில் இறங்கியும் தாக்குப் பிடிச்சது.

டெக் காலத்தில் இருந்து ஆப் வரை...

வீட்டில் படம் பார்ப்பது புதுசு இல்லை. 1980களில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி விடிய விடிய கேசட் போட்டுப் பார்த்த காலம் உண்டு. பிறகு விசிடி, டிவிடி வந்தது. 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்று திருட்டு சிடியோடு போட்டி போட்டது. 2015ல் இயக்குநர் சேரன், 'சி2எச்' திட்டத்தில் தன் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை நேரடியாக டிவிடியில் வெளியிட்டார்.

அன்னைக்கு வாங்கிய டிவிடி அலமாரியில் இருக்கும். ஓடிடியில் அப்படி இல்லை. சந்தா முடிஞ்சா படமும் போயிடும், உரிம ஒப்பந்தம் முடிஞ்சாலும் போயிடும். ஒவ்வொரு பாகத்தின் உரிமையும் தனித்தனியா விற்கப்படுவதால், முதல் பாகம் ஒரு ஆப்பிலும் இரண்டாம் பாகம் இன்னொரு ஆப்பிலும் இருக்கலாம்.

பசங்க கையில் போன்... கவனிக்க வேண்டியது என்ன?

தியேட்டரில் 'ஏ' சான்று படத்துக்கு சின்னப் பசங்களை உள்ளே விடமாட்டாங்க. வீட்டில் அந்த வேலை பெற்றோருடையது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி தளங்கள் யு/ஏ 7+, 13+, 16+, ஏ என வயது வகையை காட்டணும். 13+ மற்றும் அதுக்கு மேற்பட்ட வகைகளுக்கு பேரன்டல் லாக் வசதி கொடுக்கணும். ஆப்பின் செட்டிங்ஸில் போய் பின் நம்பர் போட்டா போதும்.

'லிங்க் இருக்கா?' என்று கேட்கும் முன்...

தியேட்டரில் படத்தை திருட்டுத்தனமாக பதிவு செய்வதும் பரப்புவதும் 2023ல் திருத்தப்பட்ட சினிமாட்டோகிராஃப் சட்டப்படி குற்றம். 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய், அதிகபட்சம் படத்தின் தணிக்கை செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் 5 சதவீதம்.

அப்போ தியேட்டருக்கு போகணுமா, காத்திருக்கணுமா?

நாலு பேர் டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் என்று பார்த்தால், காத்திருப்பதில் தப்பு சொல்ல முடியாது. ஆனா இருட்டில் ஊரே சேர்ந்து அலறிட்டு அடுத்த நொடி சிரிக்கிற அனுபவம் ஆறு இஞ்ச் ஸ்கிரீனில் கிடைக்காது. பக்கத்து ஊர் தியேட்டர் அடுத்த பேய்ப் படத்துக்கும் திறந்திருக்கணும்னு நினைக்கிறவங்க, மூன்றாவது வாரம் போனாலும் போதும். அந்த டிக்கெட்டில்தான் தியேட்டர்காரருக்கு பங்கு அதிகம்.